லெப்டொப்புக்கு வல்லாரை

கழுத்தில் நாடா கட்டிப் பென்ட்ரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு டியூஷன் வகுப்புக்குப் போனவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் "அதுக்குள்ள அப்பிடி என்ன இருந்துச்சு?" என்று கேட்பார்கள். நாலு பாட்டும், பழைய பரீட்சை வினாத்தாள் என்று இரண்டு பாஸ்பேப்பரும் இருந்தன. அதற்கே சங்கிலி போட்டவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தோம். இன்றைக்கு நமக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. சாயம் பூசுகிறவர்கள் பூசுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எனக்கு அந்தச் சாமானைக் கண்டால் இப்போதும் மழைச் சத்தமும் பன்னீர் மணமும்தான் நினைவுக்கு வரும். அக்காவுக்குக் கல்யாணம் நடந்த அந்த ஆனி மாதம்தான் காரணம்.

அப்போது நாங்கள் நாவலப்பிட்டியில் ரயில் பாதைக்கு மேற்புறம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா, அக்கா, நான். அப்பா கட்டாரில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் வேலை. நான் எட்டாம் வகுப்பு. மாப்பிள்ளை மடுல்கெல்லப் பக்கம், பாடசாலை ஆசிரியர். எல்லாம் பேசி, நாளும் வைத்து, மண்டபத்துக்கும் சொன்ன பிறகு, அப்பாவின் கம்பெனி லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டது. நாளைத் தள்ளலாமா என்று அம்மா கேட்டுப்பார்த்தார். அடுத்தது ஆடி, அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரிய காரியத்தின் வருடத் திதி, அதற்குப் பிறகு வேறு ஏதோ. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போனில் அப்பா அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த லெப்டொப்ப எப்பிடியாவது சரி பண்ணி வைங்க. புள்ள கழுத்துல தாலி ஏறுறத நான் பார்த்துரணும். வேற ஒண்ணும் வேணாம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு சபதமும் எடுத்தாள். "அப்பா பார்க்கலன்னா நான் கழுத்த நீட்டமாட்டேன். மணவறையில இருந்து எந்திரிச்சு வந்துருவேன்." அக்கா சொன்னால் செய்கிறவள். சின்ன வயதில் செருப்பு வாங்கித் தரவில்லை என்று நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டில் நட்டநடுவில் உட்கார்ந்தவள். பஸ்காரன் ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லையாம்.

அந்த லெப்டொப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாரில் யாரோ ஒரு அதிகாரி பாவித்துக் கழித்ததை அப்பா வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கறுப்பு நிறம், அம்மி மாதிரிக் கனம். பட்டனை அழுத்திவிட்டு அம்மா சோற்றை வடித்து இறக்கிவிட்டு வந்தாலும் அது இன்னும் "வருகிறேன், வருகிறேன்" என்று வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அப்பா வீடியோ கோலில் வருவார். வருவார் என்றா சொன்னேன்? மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாகத் துண்டு துண்டாக வந்து சேருவார். அவர் கண்ணிமைத்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. "கண்ண மூடிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு, எனக்குப் பார்க்க ஏலாது" என்று சொல்லி மூடியைச் சாத்திவிடுவார்.

இப்போது பெரியப்பா வருகிறார். அப்பாவின் அண்ணன். தபால் கந்தோரில் வேலை. அதனால் செய்தி போகிற வருகிற எந்தக் கருவியும் தன்னுடைய இலாகா என்று ஒரு நினைப்பு. அப்பாவின் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுக்கப்போவதும் அவர்தான். லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, புடைவைக் கடைப் பையில் போட்டு, அம்மா மடியில் வைத்துக்கொள்ள, பெரியப்பாவும் நானுமாக மூன்று பேரும் ரயிலேறிக் கண்டிக்குப் போனோம்.

சந்தைக்குப் பக்கத்து மாடியில் ஒரு சின்னக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி கடைக்காரரை எல்லோரும் நானா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இளவயது, ஒட்ட வெட்டிய தாடி. அவர் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' ஆகும், 'சொல்லி' என்பது 'செல்லி' ஆகும். லெப்டொப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதில மெமரி சரியான கொறவு அக்கா. வீடியோவையும் இன்டர்நெட்டையும் ஒண்டா இழுக்க ஏலாம மூச்சு வாங்குது."

"கூட்டிப் போட ஏலாதா?" என்றார் பெரியப்பா.

"ஏலும். ஆனா இந்த மொடலுக்குள்ளது கண்டியில இல்ல. கொழும்புல தேடிப் பாக்கணும், கெடச்சாத்தான் செல்லலாம். அதுவரைக்கும் ஒரு வழி ஈக்கி." அவர் மேசையில் கிடந்த ஒரு பென்ட்ரைவை எடுத்து லெப்டொப்பின் பக்கவாட்டில் குத்தினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. அதில் எதையோ அழுத்தினார். "இப்ப இந்த பென்ட்ரைவயும் மெமரி மாதிரிப் பாவிக்கச் செல்லி மெஷினுக்குச் செல்லியாச்சு. வீட்டுக்குள்ள எடம் இல்லாட்டிப் பக்கத்து வீட்டு வாசல்ல சாமான் வைக்கிறல்லயா, அது மாதிரி. ஒண்டு போதும். பெரிய மாத்தம் ஒண்டும் எதிர்பாக்க வேணாம்."

கடைசி இரண்டு வசனங்களும் பெரியப்பாவின் காதில் ஏறவே இல்லை. அவர் கண் அந்தச் சின்னச் சாமானின் மேலேயே இருந்தது. அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"மனுசனுக்கு ஞாபகசக்தி கொறஞ்சா வல்லாரை குடுப்பாங்க. இதுக்கு இதுவா?"

"அதேதான் அக்கா. லெப்டொப்புக்கு வல்லாரை," என்று நானா சிரித்தார்.

ஒன்றுக்கே மூளை வளரும் என்றால் பத்துக்கு எவ்வளவு வளரும்? இது பெரியப்பாவின் கணக்கு. அந்த வாரம்தான் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கல்யாணக் கார்டு கொடுக்கப் புறப்பட்டோம். நம் வழக்கம் தெரியும்தானே: தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், கார்டு எல்லாம் வைத்து, வீட்டுக்காரர்களை நிற்க வைத்துக் கையில் கொடுத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். பெரியப்பா அதோடு இன்னொரு வரியையும் சேர்த்துக்கொண்டார். "வீட்டுல பென்ட்ரைவ் இருந்தா ஒண்ணு தாங்க. கட்டார்ல இருக்கிற தம்பி, மக கல்யாணத்தப் பார்க்கிறதுக்கு."

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கார்டு இறங்கிய தட்டில் பென்ட்ரைவ் ஏறியது. பொம்மை மாதிரி ஒன்று, மூடி தொலைந்த ஒன்று, பல்லால் கடித்த தடம் உள்ள ஒன்று. ஒரு வீட்டில் அத்தை அதற்கும் சந்தனப் பொட்டு வைத்துத்தான் தந்தார். தோட்டத்துப் பழைய வரிசை வீட்டில் இருந்த மாமா ஒருவர் தன்னிடம் பென்ட்ரைவ் இல்லை என்று மிகவும் வருத்தப்பட்டு, ரேடியோவுக்குப் போடுகிற பெட்டரி இரண்டைக் கொண்டுவந்து தந்தார். "இதுவும் ஏதும் உதவுமா பாருங்க." ஒரு மனிதன் தன் மகளின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வீடு ஆசைப்பட்டது.

ஆசை சரி, அறிவு? லெப்டொப்பில் குத்துவதற்கு மொத்தம் மூன்று இடம். இன்டர்நெட் டொங்கிளுக்கு ஒன்று, வயர் வைத்த கெமராவுக்கு ஒன்று, மிச்சம் ஒன்று. பெரியப்பா ஒன்றை நாலாக்குகிற ஒரு கட்டை வாங்கி வந்து, பசு மடியில் கன்றுகள் முட்டுகிற மாதிரிப் பென்ட்ரைவ்களை வரிசையாகக் குத்தினார். அந்த லெப்டொப் ஒரு நேரத்தில் ஒரு பென்ட்ரைவைத்தான் மெமரியாக எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் சும்மா வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பென்ட்ரைவ் ஊரெல்லாம் சுற்றி வந்தது, ஊர் வைரசையெல்லாம் சுமந்து வந்தது என்பதும் தெரியாது. இரண்டாம் நாள் எங்கள் போட்டோ வைத்திருந்த கோப்புறைகள் எல்லாம் வெறும் அம்புக்குறிகளாக மாறின. மூன்றாம் நாள் லெப்டொப் வட்டம் சுற்றுவதையும் நிறுத்திக்கொண்டது.

மருந்தே நோயாகிவிட்டது. அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். பெரியப்பா முற்றத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றார். யாருடைய முகத்திலும் முழிக்க முடியாமல்தான் அப்படி நின்றிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

திரும்பவும் துவாய், திரும்பவும் ரயில். இந்தமுறை அம்மாவும் நானும் மட்டும். நானா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்த பென்ட்ரைவ் குவியலைப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, இது என்ன அக்கா, கச்சான் கடலை மாதிரி அள்ளிக்கிட்டு வந்தீக்கிங்க?" என்றார். அம்மா நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நானா எங்களை இருக்கச் சொல்லிக் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, லெப்டொப்பில் இருந்த எல்லாவற்றையும் துடைத்தழித்துப் புதிதாகப் போட்டார். மதியத் தொழுகைக்குப் போய்வந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் அந்த மெமரி கிடைக்கவில்லையாம்.

புறப்படும்போது மேசை லாச்சியிலிருந்து கவர் பிரிக்காத ஒரு பென்ட்ரைவை எடுத்து, தானே குத்தி, தானே சரிபார்த்துக் கொடுத்தார். "இத வேற எந்த மெஷின்லயும் குத்த வேணாம். வேற எதையும் இந்த மெஷின்ல குத்த வேணாம். இது மகளுட கலியாணத்துக்கு என்ட பிரசன்ட்."

"வேலை செய்யும்தானே தம்பி?" என்றார் அம்மா.

"இன்ஷா அல்லாஹ், செய்யும்."

அந்த வெள்ளிக்கிழமை அப்பா முழு முகத்தோடு வந்தார். மூக்கும் வாயும் அதது அதன் இடத்தில் இருந்தன. அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "நரைச்சிட்டீங்க" என்றார். அதுவரைக்கும் படம் தெளிவில்லாததால் அது அவர் கண்ணில் படவே இல்லை. அப்பா தலையைத் தடவிக்கொண்டு, "இங்கத்த தண்ணி அப்பிடி" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோசம். வல்லாரை வேலை செய்துவிட்டது.

கணினியோடு பிழைப்பு நடத்துகிறவள் என்ற முறையில் இப்போது சொல்கிறேன்: வேலை செய்தது பென்ட்ரைவ் இல்லை. நானா குப்பையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டதில் வந்த வேகம் அது. வீடியோ கோலுக்குப் பென்ட்ரைவ் யானைப் பசிக்குச் சோளப்பொரி. நானாவுக்கு அது தெரிந்துதான் இருக்கும். ஆனால் அழுகிற ஒரு பொம்பளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்தன்று விடியவே நாவலப்பிட்டி மழை பிடித்துக்கொண்டது. கோயில் மண்டபத்துத் தகரக் கூரையில் அந்தச் சத்தம் மேளத்தோடு போட்டி போட்டது. மணவறைக்கு முன்னால் அப்பாவுக்கென்று ஒரு கதிரை. அதில் வெள்ளைத் துணி விரித்து, லெப்டொப்பை வைத்து, பெரியம்மா அதன் தோளில் ஒரு பட்டுச் சால்வையும் போட்டுவிட்டார். லெப்டொப்புக்குத் தோள் எங்கே என்று கேட்காதீர்கள், பெரியம்மா கண்டுபிடித்தார். ஐயர் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணோட அப்பாவக் கிழக்குப் பார்த்து வைங்க" என்றார். கிழக்கே திருப்பினோம். வாசலில் நின்ற சின்னப் பிள்ளைகள் விருந்தாளியை விட்டுவைக்கக் கூடாது என்று பன்னீர்ச் செம்போடு வந்து அவர்மேலும் இரண்டு சொட்டுத் தெளித்தார்கள். நான் தாவணித் தலைப்பால் துடைத்தேன்.

என் வேலை கெமரா. வயர் நீளம் கொஞ்சம்தான் என்பதால் கதிரைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதை மணவறைப் பக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். திரையில் அப்பா நெற்றியில் சந்தனத்தோடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு இருந்தார். பின்னால் அவரோடு அறையில் இருக்கிறவர்கள், மாத்தளைச் சிங்களவர் ஒருவர், கேரளத்துக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் தலைசீவி, வேலைக்கு நேர்முகம் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

தாலி தட்டில் சுற்றி வந்து தொட்டுக் கும்பிட்டு முடிகிற நேரம், திரையில் அப்பாவின் அசைவு நின்றது. கெமராவின் பச்சை வெளிச்சம் எரிகிறதா என்று நான் அதைத் திருப்பி எட்டிப் பார்த்தேன். எரிந்தது. மறுபடி மணவறைப் பக்கம் திருப்பினேன். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது கண்ணாலேயே புரிந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஐயர், "நேரம் போகுது. அப்பாவுக்குத் தெரியுதா, இல்லையா?" என்றார்.

பெரியப்பா மழையையும் மீறிக் கத்தினார். "தம்பி! தெரியுதா?"

ஒரு இழு இழுத்துவிட்டு அப்பாவின் குரல் வந்தது. "தெரியுது, தெரியுது. எல்லாம் நல்லாத் தெரியுது. நீங்க கட்டச் சொல்லுங்க."

அக்கா தலையைக் குனிந்தாள். கெட்டிமேளம்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பென்ட்ரைவின் புகழ் பாடாத ஆள் இல்லை. பெரியப்பா போகிற வீடெல்லாம், "லெப்டொப் இழுக்குதா? ஒரு பென்ட்ரைவக் குத்துங்க. கட்டார்ல இருந்த மனுசனுக்கே கல்யாணத்தக் காட்டினோம்" என்று வைத்தியம் சொன்னார். அப்பாவும் போனில், "ஒண்ணும் விடல, எல்லாம் பார்த்தேன்" என்று சொன்னதால் யாரும் மறு பேச்சுப் பேசவில்லை.

அப்பா ஊருக்கு வந்தது அதற்குப் பிறகு வந்த இரண்டாவது தீபாவளிக்கு. அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எல்லோரும் கூடிக் கல்யாண டிவிடியைப் போட்டோம். பிள்ளை அழுததால் அக்கா எழும்பி உள்ளே போனாள். தாலி கட்டுகிற இடம் வந்தது.

"நிப்பாட்டு. கொஞ்சம் பின்னுக்குப் போடு," என்றார் அப்பா. போட்டேன். "மாப்பிள்ளை மொத முடிச்சுக்கே திணறுறாரே." மறுபடி பின்னுக்கு. கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "மூணாவது முடிச்சுப் போடுற புள்ள யாரு?"

"மாப்பிள்ளையோட தங்கச்சி. அன்னைக்குத்தான் பார்த்தீங்களே," என்றார் பெரியம்மா.

"ஆமாமா. மறந்துட்டேன்."

அம்மா அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தேத்தண்ணி போடப்போவதாகச் சொல்லி எழும்பிப் போய்விட்டார். வெகுநேரம் தேத்தண்ணி வரவில்லை.

அடுத்த நாள் காலை பேக்கரிக்குப் பாண் வாங்க அப்பாவோடு நடந்து போகும்போது கேட்டுவிட்டேன். "அப்பா, அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் தெரியலதானே?"

"யார் சொன்னா? தெரிஞ்சுச்சே."

"என்ன தெரிஞ்சுச்சு?"

"நீ." அப்பா சிரித்தார். "வாயத் தொறந்துகிட்டு கெமராவுக்குள்ள எட்டிப் பார்த்தியே, அதோட நின்னுபோச்சு படம். ஐயர் சத்தம் கேட்டுச்சு, மேளம் கேட்டுச்சு, மழைகூடக் கேட்டுச்சு. ஆனா முன்னுக்கு உன் மொகந்தான். கடைசி வரைக்கும்."

"அப்ப ஏன் தெரியுதுன்னு சொன்னீங்க?"

"உங்கக்காவ எனக்குத் தெரியாதா? தெரியலன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பா."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அப்பாவுக்கு ஒன்று போதுமாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே சொன்னார். "ரூம்ல இருந்தவங்க எல்லாம் கையில மஞ்சள் அரிசியோட நின்னாங்க. கெட்டிமேளம் கேட்டுச்சு, என்ன செய்ய? போட்டுட்டோம்."

"எங்க போட்டீங்கப்பா?"

"ஸ்கிரீன்ல இருந்தது நீதானே. உன் மேலதான் போட்டோம். கீபோட்டெல்லாம் அரிசி."

அன்றைக்கு இரண்டு பேரும் வீதியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். பாண் வாங்கிக்கொண்டு வந்தோம். அக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. அப்பா பார்த்தார் என்றுதான் அக்கா இன்றுவரை நம்பியிருக்கிறாள்.

என் கல்யாணம் கண்டியில் நடந்தது. அதற்கு முந்தின வருடம் அப்பா தவறிப்போய்விட்டார். எனக்கும் பெரியப்பாதான் தாரைவார்த்துக் கொடுத்தார், கண் தெரியாமல் தடுமாறிக்கொண்டு. தாலி ஏறுகிற நேரம் அக்கா என் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "அப்பா இருந்து உனக்கு அட்சதை போட்டிருக்கலாமே, என் கல்யாணத்தையாவது தூரத்துல இருந்து பார்த்தாரே" என்றாள்.

"எனக்குப் போட்டுட்டார்க்கா," என்றேன்.

மேளச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை.